கம்பி தொலைந்தால் கருவியும் தொலைய வேண்டுமா?

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பாடுபட்டு உழைத்த பிள்ளைகள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஆசையோடு சுமந்து வந்த பொருள்களுள் ‘ஹோம் தியேட்டர்’ எனப்படும் ஒலித்தொகுதியும் ஒன்று. டிவிடி தட்டு புழக்கத்துக்கு வந்த பின், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நம் ஊர்களில் இது இல்லாத வசதியான வீடு குறைவு என்றே சொல்லலாம். ஐந்து சிறிய ஸ்பீக்கர்கள், மரப்பெட்டி போன்ற ஒரு பெரிய சப்வூஃபர், இவற்றை இணைக்கும் ஒரு தலைமைப் பெட்டி ஆகியவை சேர்ந்ததே அத்தொகுதி.

அந்தத் தொகுதிகளுட் பல இன்றும் நல்ல நிலையில் உள்ளன. ஆயினும் ஒலிப்பதில்லை. வெள்ளையடிக்கும்போதோ, வீடு மாறும்போதோ, திருமணத்திற்காகக் கூடத்தை ஒழித்தபோதோ, இணைப்பு வயர் ஒன்று எங்கோ தவறிவிடுகிறது. கடைக்காரரிடம் சென்றால் அவர் செருகியின் முனையை வரைந்து காட்டச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்குகிறார். “இது அந்தக் கம்பெனிக்கே உரிய வயர். வெளியில் கிடைக்காது. புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்” என்பதே பெரும்பாலும் அவரது தீர்ப்பாக இருக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். முழுத் தொகுதியிலும் விலை மிகக் குறைந்த பொருள் அந்த வயர்தான். அது இல்லையென்பதற்காகப் பல்லாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கருவியைப் பரணில் ஏற்றுவதும், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதும் வீண்விரயமன்றி வேறென்ன? பணம் மட்டுமா போகிறது? பார்வை மங்கிய பெரியவர்கள் பலருக்கு வானொலிச் செய்தியும், கிராஅத் ஒலிப்பதிவும், நாகூர் ஹனீபாவின் பாடல்களும்தாம் மாலைப்பொழுதின் துணை. மகன் வாங்கித் தந்த கருவி வாய் மூடிக் கிடப்பதைக் காணும் தந்தைக்கு ஏற்படும் வருத்தத்தை ரூபாயில் அளக்க இயலாது.

எனவே, வயர் தொலைந்துவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது எங்கே கிடைக்கும்?” என்பதன்று, “இந்த வயர் எதைச் சுமந்து சென்றது?” என்பதே. அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பெனிக்கே உரிய வயர் ஏன்?

ஒலிக்கருவிகளுக்கெனப் பொதுவான செருகிகள் நெடுங்காலமாகவே உள்ளன. சிவப்பும் வெள்ளையுமாக நாம் காணும் ஆர்.சி.ஏ. செருகி, அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி 1930-களிலிருந்து வழங்கி வருகிறது. வட்டமான உறைக்குள் ஊசிகள் அமைந்த ‘டின்’ செருகி, ஜெர்மானியத் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தால் அழைக்கப்படுகிறது. இவையெல்லாம் இருக்க, தயாரிப்பாளர்கள் தமக்கென்று தனி வடிவம் ஏன் அமைத்தார்கள்?

அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஐந்தாறு வயர்கள் தரையில் பின்னிக் கிடப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் அடக்கிவிட்டால் கூடம் அழகாக இருக்கும். வலப்புற ஸ்பீக்கருக்குரிய வயரை இடப்புறத்தில் செருகிவிடும் தவறும் நேராது. ஆனால் இன்னொரு விளைவும் உண்டு: அந்த வயர் பழுதானாலோ தொலைந்தாலோ, வாடிக்கையாளர் அந்நிறுவனத்தின் வாசலுக்கே திரும்பி வர வேண்டும். நிறுவனம் அந்த மாதிரியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டால், அந்த வாசலும் அடைபட்டுவிடும்.

போஸ் நிறுவனத்தை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கைக்கு அடக்கமான ஸ்பீக்கர்களையும், கண்ணுக்கு மறைவாக வைக்கத்தக்க ஒரு தாழ்சுருதிப் பெட்டியையும் இணைத்து, ‘அகௌஸ்டிமாஸ்’ என்னும் அமைப்பை அந்நிறுவனம் 1987-இல் அறிமுகம் செய்தது. பின்னர் வந்த அதன் வீட்டுத் திரையரங்குத் தொகுதிகள் சிலவற்றில், தாழ்சுருதிப் பெட்டிக்குச் செல்லும் வயரின் ஒரு முனையில் பல ஊசிகள் கொண்ட தனிவகைச் செருகி இருக்கும். மறுமுனையிலோ சாதாரணக் கம்பிகள் பிரிந்து நிற்கும். அந்த ஒரு வயர் தொலைந்தால் எல்லா ஸ்பீக்கர்களும் ஒருசேர ஊமையாகிவிடும்.

இந்நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய அமர் கோபால் போஸ், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு விடுதலை வீரரின் மகன். பிலடெல்பியா நகரில் சிறுவனாக இருந்தபோது பழுதான வானொலிப் பெட்டிகளைச் சீர்செய்து பொருளீட்டியவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தையின் இறக்குமதி வணிகம் நலிந்தபோது, அந்தப் பழுதுபார்க்கும் வேலையே குடும்பத்துக்குக் கைகொடுத்தது. பழுதுபார்ப்பு என்பது ஏழையின் கட்டாயம் என்றோ, கௌரவக் குறைவு என்றோ எண்ணுவோர் இவரது இளமைக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதற்படி: பெயர் அறிதல்

பெட்டியின் முகப்பில் பளபளக்கும் பெயர் எதற்கும் உதவாது. பின்புறத்திலோ அடிப்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள தகட்டில் இருக்கும் மாதிரி எண்ணே முக்கியம். அதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த தொகுதியிலும் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று வேறுபாடு இருக்கும், செருகியும் மாறுபடும். பிறகு வயர் செருகும் துளையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஊசித் துளைகளை எண்ணுங்கள்.

அடுத்து, அந்த மாதிரிக்குரிய கையேட்டைத் தேட வேண்டும். பயன்படுத்துவோருக்கான கையேடு ஒன்று. பழுதுபார்ப்போருக்கான கையேடு மற்றொன்று. இரண்டாவதில் எந்த ஊசி எதற்குரியது என்ற வரைபடமும், வயருக்குரிய உதிரிப்பாக எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சேவை மையத்தில் கேட்பதற்கும், “ஒரு கறுப்பு வயர்” என்று கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதல் வகை: ஸ்பீக்கர் வயர்

தலைமைப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஸ்பீக்கருக்குச் செல்லும் வயர்தான் தொலைந்ததா? அப்படியானால் கவலை வேண்டா. முனையில் உள்ள செருகி எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், பெரும்பாலான தொகுதிகளில் உள்ளே இருப்பவை இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள். செருகி வெறும் சட்டையே. மின்கடையில் கிடைக்கும் இரட்டைக் கம்பி அதே வேலையைச் செய்யும். செருகி மட்டும் தேவையெனில், அதே வகைச் செருகியுள்ள பழைய வயரின் முனையை வெட்டியெடுத்து, புதிய கம்பியோடு பற்றவைத்து, இணைப்பைத் தனித்தனியே காப்புறையால் மூடினால் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கம்பியின் பருமன். ஸ்பீக்கர் 10 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் மின்சாரம் 20 மீட்டர் பயணம் செய்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால், அந்தத் தூரத்துக்கு மின்தடை ஏறத்தாழ 0.35 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டரானால் சுமார் 0.14 ஓம். கால் சதுர மில்லிமீட்டர் நூற்கம்பியானாலோ 1.4 ஓம் ஆகிவிடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது மூன்றில் ஒரு பங்கு! ஸ்பீக்கருக்குச் சேர வேண்டிய ஆற்றலில் கணிசமான ஒரு பகுதி வழியிலேயே வெப்பமாக வீணாகும். பக்கத்திலுள்ள ஸ்பீக்கருக்கு 1 சதுர மில்லிமீட்டரும், கூடத்தின் கடைக்கோடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும் வாங்குங்கள். அதற்கு மேல், பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த வயர்கள் தேவையில்லை.

இரண்டாவது, நேர் முனையும் எதிர் முனையும். இரட்டைக் கம்பியில் ஒன்றன் மேல் கோடோ வேறு நிறமோ இருக்கும். எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒரே முறையில் இணைக்க வேண்டும். ஒன்று மட்டும் தலைகீழானால், இரு ஸ்பீக்கர்களின் திரைகளும் எதிரெதிராக அசைந்து, தாழ்ந்த ஒலி காணாமற்போகும். குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. ஐயம் இருந்தால், ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளைக் கம்பிகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். திரை வெளிநோக்கி அசைந்தால், பேட்டரியின் நேர் முனை தொட்ட கம்பியே நேர்க்கம்பி.

மூன்றாவது, நிறம். அமெரிக்க நுகர்வோர் மின்னணு அமைப்பு வகுத்த முறையைப் பின்பற்றும் தொகுதிகளில், முன் இடப்புறத்துக்கு வெள்ளை, முன் வலப்புறத்துக்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, பின் இடப்புறத்துக்கு நீலம், பின் வலப்புறத்துக்குச் சாம்பல், சப்வூஃபருக்கு ஊதா எனக் குறிக்கப்பட்டிருக்கும். புதிய வயர்களின் முனையிலும் அதே நிறத்தில் நாடா சுற்றிவிட்டால் பிற்காலத்தில் குழப்பம் வராது.

இரண்டாம் வகை: பல ஊசி வயர்

தலைமைப் பெட்டியையும் சப்வூஃபரையும் இணைக்கும் தடித்த வயர் தொலைந்திருந்தால், சற்று எச்சரிக்கை தேவை. அதற்குள் பல வகைச் சரக்குகள் ஒன்றாகப் பயணம் செய்யக்கூடும். ஐந்தாறு தனித்தனி ஒலிக்குறிகள், தலைமைப் பெட்டிக்கு உயிர்கொடுக்கும் மின்னோட்டம், ‘ஒலியைக் கூட்டு, குறை’ என்னும் கட்டளைகள் முதலியன அவை. கம்பி மாறினால், மின்னோட்டம் செல்ல வேண்டிய வழியை விட்டு, நுண்ணிய ஒலிச் சில்லுக்குள் புகுந்துவிடும். வயர் தொலைந்ததால் ஊமையான கருவி, அதன் பிறகு உண்மையிலேயே இறந்துவிடும்.

எனவே, ‘துளைக்குப் பொருந்துகிறது’ என்பதை மட்டும் நம்பி எதையும் செருகாதீர்கள். கணினித் திரைக்குப் பயன்பட்ட 15 ஊசி வயர் போன்ற வடிவிலேயே சில தொகுதிகளின் இணைப்பும் உள்ளது. ஆனால் கணினி வயர்கள் பலவற்றில் ஓர் ஊசி இல்லாமலேயே இருக்கும். வேறு சில ஊசிகள் உள்ளுக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். வட்ட வடிவச் சிறு ‘டின்’ செருகிகளும் அப்படியே. அனைத்துக்கும் உறையின் விட்டம் 9.5 மில்லிமீட்டர்தான், ஊசிகளின் எண்ணிக்கையோ மூன்று முதல் ஒன்பது வரை மாறும். ஊசி எண்ணிக்கை ஒத்திருந்தாலும், உள்ளே கம்பிகள் நேராகச் செல்கின்றனவா, குறுக்காக மாறுகின்றனவா என்பது வெளியிலிருந்து தெரியாது.

இதற்கு நல்ல வழி, அதே மாதிரித் தொகுதி வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ இருக்கிறாரா என்று விசாரிப்பதுதான். அவரது வயரைச் சிறிது நேரம் இரவல் வாங்கி, மல்டிமீட்டர் கொண்டு, ஒரு முனையின் ஒவ்வோர் ஊசியும் மறுமுனையின் எந்த ஊசியோடு தொடர்புடையது என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வயர் எந்தக் கருவியோடும் இணைக்கப்படாமல் தனியாக இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், திறமையான மின்னணுத் தொழிலாளி ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் புதிய வயரை உருவாக்கித் தந்துவிடுவார். ஒலிக்குறி செல்லும் கம்பிகளுக்கு மேலே உலோக வலைக் காப்பு உள்ள வயரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இல்லையேல் இரைச்சல் புகுந்துவிடும்.

இரவல் வயரும் இல்லை, வரைபடமும் இல்லை என்றால், ஊகத்தின்பேரில் எவரையும் பற்றவைக்க அனுமதிக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே ஒவ்வோர் ஊசியும் எங்கே செல்கிறது என்று தேர்ந்தவர் ஆராய்ந்து சொல்லலாம். மற்றவர் அதில் கைவைக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மின் அடாப்டர் தொலைந்தாலும் இதே கவனம் வேண்டும். வோல்ட் அளவு சரியாகவே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது, கூடலாம். நடு ஊசி நேர் முனையா எதிர் முனையா என்று கருவியில் பொறித்துள்ள சிறு படத்தைப் பார்க்க வேண்டும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராக உள்ள செருகிகளிலேயே உள் விட்டம் 2.1, 2.5 என இரு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

எங்கே தேடலாம்?

சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு, மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். தனித்தனியாகச் செருகிகளும் பல இழை வயர்களும் அங்கே கிடைக்கும். சிங்கப்பூரில் சிம் லிம் டவர், கோலாலம்பூரில் ஜாலான் பாசார் ஆகிய இடங்களும் இத்தகையவையே. கருவி வாங்கிய நாட்டிலேயே மகனோ மருமகனோ இன்னும் பணிபுரிகிறார் என்றால், மாதிரி எண்ணையும் படத்தையும் அவருக்கு அனுப்புங்கள். நம் ஊரில் விற்பனைக்கே வராத மாதிரிக்கு, அங்குள்ள பழைய பொருள் கடையில் வயர் கிடைக்க வாய்ப்புண்டு. வாங்கு முன், இரு முனைகளின் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்திய அரசின் நுகர்வோர் துறை, 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளின் நிறுவனங்கள் தத்தம் சேவை விவரங்களை அங்கே அளிக்க வேண்டும் என்பது நோக்கம். சேவை மையத்தின் முகவரி தெரியாதோர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு அதைப் பார்க்கலாம்.

எவ்வளவு முயன்றும் வயர் கிடைக்கவில்லையா? அப்போதும் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டா. சிறிய ஸ்பீக்கர்களை வேறோர் ஆம்ப்ளிபையரோடு இணைக்கலாம். ஸ்பீக்கரின் பின்னால் 3, 4, 6, 8 ஓம் என்று ஏதேனும் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். ஆம்ப்ளிபையர் ஏற்கும் குறைந்த அளவைவிட அது குறைவாக இருந்தால், ஆம்ப்ளிபையர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகும். மேலும் இச்சிறு ஸ்பீக்கர்கள் தாழ்சுருதியைத் தாங்கா. அமைப்பில் ‘சிறிய ஸ்பீக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதற்கும் உதவாதவற்றை, அரசிடம் பதிவுபெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடமே ஒப்படையுங்கள். செம்புக்காக வயரைத் தெருவில் எரிப்போரிடம் அவை சென்றால், அந்த நச்சுப்புகை நம் குழந்தைகளின் நுரையீரலுக்கே திரும்பி வரும்.

பொருந்தாமை தந்த பாடம்

செருகி பொருந்தாத இந்தச் சிறு தொல்லை, ஒரு நகரத்தையே எரித்த வரலாறும் உண்டு. 1904 பிப்ரவரி 7-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவை கொண்டுவந்த குழாய்களுட் பல, பால்டிமோரின் தண்ணீர்க் குழாய் முனையில் பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கென்று ஒரு திருகு அளவை வைத்திருந்ததே காரணம். உதவி இருந்தது, தண்ணீர் இருந்தது. இரண்டையும் இணைக்க வழியில்லை. சுமார் 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன் பின்னரே குழாய் இணைப்புக்குப் பொது அளவு வகுக்கும் முயற்சி நாடு முழுவதும் வலுப்பெற்றது.

ஒலிக்கருவி உலகிலும் மெல்ல மெல்ல அந்த அறிவு பிறந்திருக்கிறது. 2002 இறுதியில் ஏழு நிறுவனங்கள் கூடி எச்.டி.எம்.ஐ. என்னும் பொது இணைப்பை வெளியிட்டன. இன்று எந்தக் கடையிலும் அந்த வயர் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், கைப்பேசிகளும் கையில் எடுத்துச் செல்லும் ஸ்பீக்கர்களும் ஒரே வகையான டைப்-சி துளையுடன்தான் விற்கப்பட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

ஆகவே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, “எத்தனை வாட்?” என்று கேட்பதற்கு முன், பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். “இந்த வயர் தொலைந்தால் எங்கே கிடைக்கும்?” என்று கேளுங்கள். விற்பவர் விடை சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஏற்கனவே வீட்டில் உள்ளவற்றுக்கு ஒரு சிறு ஏற்பாடு போதும். இன்று அசர் தொழுகைக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு துண்டுச்சீட்டைக் கட்டி, எந்தக் கருவியின் எந்தத் துளைக்குரியது என்று எழுதுங்கள். கருவியின் பின்புறத்தை, எல்லாம் இணைந்திருக்கும் நிலையில், ஒரு படம் எடுத்து வையுங்கள். வீடு ஒழிக்கும் நாளில் எல்லா வயர்களையும் ஒரே துணிப்பையில் இட்டு, அந்தப் பையை அந்தக் கருவியோடேயே கட்டிவிடுங்கள். வெள்ளையடிக்க வரும் தொழிலாளியின் கவனத்தை நம்பி வயர்களை விட்டுவிடுவது அவருக்கும் சுமை, நமக்கும் இழப்பு.

கூடத்தின் மூலையில் உறங்கும் அந்தப் பெட்டியை, இந்த வாரமே தூசி தட்டித் திருப்பிப் பாருங்கள். தொலைந்தது இரண்டு கம்பிகள் மட்டுமே என்று தெரியவந்தால், சில நூறு ரூபாய்ச் செலவில், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாலைப்பொழுது அவர்களுக்கே திரும்பக் கிடைத்துவிடும்.